விட்டுச் சென்றவர், பெற்றுக்கொண்டவர்

விமான நிலையத்தில் யாரும் யாரிடமிருந்தும் எதையும் பிடுங்குவதில்லை. "என் கத்திரிக்கோலைப் பிடுங்கிட்டாங்க" என்று ஊருக்குப் போய்ச் சொல்வார்கள். அது உண்மையில்லை. கைப்பையில் கொண்டுபோகக் கூடாத பொருள் இருந்தால், அதை ஒரு ட்ரேயில் வைத்து உரியவருக்கு முன்னால் நீட்டுவார்கள். அவர் வெளியே திரும்பிப் போய், வழியனுப்ப வந்தவரிடம் அதைக் கொடுத்துவிட்டு வரலாம். நேரமில்லை என்றால், "விட்டுட்டுப் போறேன்" என்று தன் வாயால் சொல்லி, ஒரு சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். தலையை மட்டும் ஆட்டினால் செல்லாது. எப்போதோ ஒருவர் வழக்குப் போட்டதிலிருந்து இந்தப் பழக்கம்.

அப்படி விட்டுப் போனவை வந்து சேரும் அறையில்தான் எனக்கு வேலை. ஜன்னல் இல்லாத சின்ன அறை. ஒரு மேசை, ஓர் அலமாரி, ஒரு தராசு, ஓர் அடிக்கோல், தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டில், ஒரு பதிவேடு. பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆட்களோடு அதிகம் பேச வேண்டாத வேலை என்று அக்காதான் இதைப் பார்த்து வாங்கிக் கொடுத்தாள்.

ஆறு சென்டிமீட்டருக்கு மேல் நீளமான எந்தக் கருவியும் கைப்பையில் போகக்கூடாது. ஆனால் மனிதர்கள் என்னென்னவோ வைத்துக்கொண்டு வருவார்கள். பன்னிரண்டு அலகு மடங்கிய கத்தி, குறடு, சுத்தியல், ஒரு தடவை கதவுக் கீலோடு சேர்ந்த கைப்பிடி. ஒவ்வொன்றையும் ட்ரேயோடு தராசில் வைப்பேன். காலி ட்ரே அறுநூற்றிருபது கிராம். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. அதைக் கழித்துப் பதிவேட்டில் எழுதுவேன். பொருள், நீளம், எடை, விட்டுச் சென்றவர், பெற்றுக்கொண்டவர். கடைசிப் பத்தியில் என் கையெழுத்து. சனிக்கிழமை மூட்டைக்காரர் வந்து எல்லாவற்றையும் சாக்கில் கட்டி, "எடுத்துக்கிட்டேன்" என்று பக்கத்தின் அடியில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தூக்கிக்கொண்டு போவார். ஒரு பொருள் கையிலிருந்து கைக்குப் போகும்போது விட்டவர் யார், எடுத்தவர் யார் என்று இருந்தே ஆக வேண்டும். நடுவில் அநாதையாக ஒரு நிமிடமும் நிற்கக் கூடாது.

அறைக் கதவைத் திறந்து வைத்தால் நேரே முதல் வரிசை தெரியும். அங்கே எக்ஸ்ரே திரைக்கு முன்னால் அக்கா உட்கார்ந்திருப்பாள். அந்த நாற்காலிக்காக அவள் இரண்டு தடவை பரீட்சை எழுதினாள். முதல் தடவை தோற்றபோது மூன்று நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். உலோகம் திரையில் நீலமாகத் தெரியும். துணி, மரம், சாப்பாடு எல்லாம் ஆரஞ்சு. இரண்டுக்கும் நடுப்பட்டவை பச்சை. ஒரு பை பெல்ட்டில் நகர்ந்து போகும் ஐந்தாறு நொடிக்குள் அவள் அதன் வயிற்றையே படித்துவிடுவாள்.

அவள் தூங்குகிறாளா விழித்திருக்கிறாளா என்று இயந்திரமும் அவளைச் சோதிக்கும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது, இல்லாத கத்தியின் படத்தை யாராவது ஒருவருடைய பையின் படத்துக்குள் அதுவே செருகிவிடும். அவள் பொத்தானை அழுத்தினால், "இது சோதனைப் படம். சரியாகக் கண்டீர்கள்" என்று திரையில் எழுத்து வரும். பை தன் வழியே போகும். எழுத்து வராவிட்டால் பொருள் நிஜம். பையைத் திறப்பார்கள். கருவி என்று அடித்துச் சொல்லி நிறுத்தி, திறந்தால் ஒன்றும் இல்லை என்றால் அது வெறும் நிறுத்தம். ஒரு மாதத்தில் மூன்று வெறும் நிறுத்தம் ஏறினால் நாற்காலி போய்விடும். ஆறு மாதம் ட்ரே அடுக்கிவிட்டு, மறுபடி பரீட்சை எழுத வேண்டும்.

அக்கா வந்து இரண்டு வருடம் ஆகிறது. அவள் பேரில் ஒரு வெறும் நிறுத்தம்கூடக் கிடையாது. அந்தச் செவ்வாய்க்கிழமை வரைக்கும்.

அன்று ஒரு புகைப்படக்காரரின் நீலப் பையை நிறுத்தினாள். சோதனைப் படம் என்று எழுத்து வரவில்லை. பைகளைத் திறந்து பார்க்கும் பெண்மணிக்கு எங்களிடையே கையுறை என்று பெயர். சாப்பிடும்போது மட்டும்தான் கழற்றுவார். கையுறை அந்தப் பையை முழுதாகக் கவிழ்த்தார். லென்ஸுகள், துடைக்கும் துணி, கட்டைவிரல் நீளத்தில் ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவர். அதற்கு அனுமதி உண்டு. வேறு ஒன்றுமில்லை. பையை மறுபடியும் இயந்திரத்துக்குள் விட்டார்கள்.

"இருக்கு, இன்னும் இருக்கு" என்றாள் அக்கா.

சூப்பர்வைசர் அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தார். "எங்கம்மா? எனக்கு ஒண்ணும் தெரியலையே. கண்ணுல தூசி கீசி விழுந்திருக்கா?"

புகைப்படக்காரர் கோபப்படவில்லை. "எங்கிட்ட இல்லாத பொருளைக்கூட நீங்க கண்டுபிடிச்சுக் குடுப்பீங்க போல. தொலைஞ்ச என் குடையையும் கொஞ்சம் தேடுங்களேன்" என்று சிரித்துக்கொண்டே பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அன்று வீட்டில் சாப்பிடும்போது அக்கா செய்தித்தாளின் ஓரத்தில் அதை வரைந்து காட்டினாள். எங்கள் வீட்டில் அப்பா, அக்கா, நான் என்று மூன்று பேர்தான். அப்பா லிஃப்ட் மெக்கானிக்.

"ஸ்க்ரூடிரைவர் மாதிரிதான் இருக்கு. சாண் நீளம். ஆனா முனை நேரா இல்லப்பா. யாரோ கூப்பிட்டாங்கன்னு கழுத்தைத் திருப்பினா எப்படி இருக்கும், அப்படி ஒரு பக்கமா சாஞ்சிருக்கு. கைப்பிடிக்கு நிறமே இல்ல."

"நிறமே இல்லன்னா?"

"நீலமும் இல்ல, ஆரஞ்சும் இல்ல. அந்த இடத்துல மட்டும் பையே இல்லாத மாதிரி."

அப்பா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முப்பது வருஷமா லிஃப்ட் கழட்டுறேன். இந்த மாதிரி ஒண்ணை நான் பாத்ததில்ல. இதை வெச்சு எந்த ஸ்க்ரூவைத் திருப்புறது? ஆளையே திருப்பினாத்தான் உண்டு" என்று சொல்லிவிட்டுத் தட்டில் கை கழுவினார்.

மறுநாள் வெந்நீர் வாங்க நர்ஸம்மா வந்தார். முதலுதவி அறையில் கெட்டில் கெட்டுப்போய் நாலு மாதமாகிறது. அவர் என் அறைக்குத்தான் வருவார். வந்தால் நான் பதில் பேசாவிட்டாலும் அவரே பேசிக்கொண்டிருப்பார்.

"நேத்து மத்தியானம் பாவம், ஒரு மனுஷன். பதினோராம் கேட் முன்னாடி நாற்காலியில உக்காந்தபடியே போயிட்டார். விமானத்துக்குக் கூப்பிடுறாங்க, எந்திரிக்கலை. தூங்குறார்னு நினைச்சு பக்கத்துல இருந்தவங்க எழுப்பியிருக்காங்க. நான் போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. மடியில நீலப் பை. கேமராக்காரராம்."

கெட்டில் கொதித்து அதுவாகவே அணைந்தது.

அடுத்த திங்கட்கிழமை அக்கா ஒரு பெண்ணின் பையை நிறுத்தினாள். இருபத்தைந்து வயது இருக்கும். பையில் லேப்டாப், முடி உலர்த்தி, நகம் சீர்படுத்தும் சாமான்கள். கையுறை ஒவ்வொன்றாக எடுத்து அடிக்கோலில் வைத்து அளந்தார். எதுவும் ஆறைத் தாண்டவில்லை. மறுபடி இயந்திரத்துக்குள் விட்டபோதும் அக்காவின் முகம் மாறவில்லை. சூப்பர்வைசருக்கு மாறியது.

"ரெண்டாவது. இன்னும் ஒண்ணு ஆச்சுன்னா என் கையில ஒண்ணுமில்ல, சொல்லிட்டேன். போய் மூஞ்சியைக் கழுவிட்டு வா."

அந்தப் பெண் கலைந்த சாமான்களை அடுக்கிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் ட்ரே எடுக்க வந்தவள், பதிலுக்குச் சிரிக்கக்கூடத் தெரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

புதன்கிழமை நர்ஸம்மா வெந்நீர் வாங்கினார். "திங்கக்கிழமை ஒரு விமானம் பாதி வழியில திரும்பி வந்துச்சே, தெரியுமா? உள்ள ஒரு பொண்ணு. சின்னப் பொண்ணுடி, நகத்துல எல்லாம் வெள்ளி நிறத்துல என்னமோ பூசியிருந்தா. ஏணியில இறக்கும்போதே உசுரு இல்ல. ஒரு நோயும் கிடையாதாம். வீட்டுக்காரங்க அழுத அழுகையைப் பாக்க முடியலை."

அவர் போன பிறகு பதிவேட்டைப் புரட்டினேன். செவ்வாய், திங்கள் இரண்டு நாளையும் விரல் வைத்துப் படித்தேன். அந்த இரண்டு பேருக்கும் நான் ஒரு வரிகூட எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை. அவர்கள் எதையும் விட்டுவிட்டுப் போகவில்லை.

இதை அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கும் மறுநாளும் நினைத்தேன். அக்கா கண் மருத்துவரிடம் போய்விட்டு வந்திருந்தாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிய காகிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். அவளிடம் போய், நீ நிறுத்திய இரண்டு பேரும் செத்துப்போனார்கள் என்று எப்படிச் சொல்வது?

வியாழக்கிழமை அப்பா ஒரு செய்தியோடு வந்தார். விமானத்தில் இரண்டு மணி நேரம் போகிற ஓர் ஊரில் ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்றுபோயிருக்கிறது. நோயாளிகளை ஆறு மாடி தூக்கிக்கொண்டு ஏறுகிறார்களாம். நாளைக் காலையிலேயே கிளம்ப வேண்டும்.

பெரிய கருவிப் பெட்டி சரக்கில் போகும். ஆனால் போன தடவை அந்தப் பெட்டி வேறெங்கோ போய், அப்பா இரண்டு நாள் கைகட்டி உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து சின்னச் சாமான்களைக் கைப்பையில்தான் வைப்பார். அக்கா தரையில் துணியை விரித்து, அடிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இது?"

"டெஸ்டர். அஞ்சரை."

"நீங்க சொல்லாதீங்க, நான் அளக்கிறேன். ஆறே கால். பெட்டிக்குப் போகட்டும்."

"கால் சென்டிமீட்டர்தானேடி!"

"கால் சென்டிமீட்டருக்கு எத்தனை பேர் அழுதிருக்காங்க தெரியுமா? மீட்டரை வெளிய வைங்க, ட்ரேயில தனியா காட்டணும். பவர்பேங்க் கைப்பையில, டார்ச் பேட்டரியும் கைப்பையில. பெட்டிக்குள்ள போட்டீங்கன்னா பெட்டியே போகாது."

"பெத்த அப்பனையே அளந்து பாப்பா போல இருக்கு. என் மூக்கு எத்தனைன்னு பாரு, ஆறு தாண்டினா வீட்டுலயே விட்டுட்டுப் போறேன்" என்றார் அப்பா என்னிடம்.

நான் சிரிக்கவில்லை. அக்கா அனுமதித்த ஏழு கருவிகளையும் துணிப்பட்டையில் ஒரே திசையில் தலைவைத்து, குட்டையிலிருந்து நெட்டையாக வரிசையாகச் செருகினாள். அவள் எதையும் அப்படித்தான் அடுக்குவாள்.

அவள் சமையலறையில் டம்ளர் கழுவும்போது பின்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். டம்ளர் கையிலேயே இருந்தது. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏண்டி அப்பவே சொல்லல?"

"நீ பயந்துடுவேன்னு."

"இப்ப பயப்படாம இருக்கேனா?" குழாயை மூடினாள். "அப்பா கிட்ட சொன்னா சிரிப்பார். ஆஸ்பத்திரி லிஃப்ட், போகாம இருக்க மாட்டார். ரெண்டு தடவைதான் பாத்திருக்கேன். அதுக்காக அப்பா பையிலயும் வரணும்னு எழுதியா வெச்சிருக்கு?"

"வரலாம்ல?"

"அவரை ரெண்டாம் வரிசையில போகச் சொல்றேன். எப்படியும் சொந்தக்காரங்க பையை நான் பாக்கக் கூடாது. அவர் பை வந்தா எந்திரிச்சுப் போகணும், அதான் ரூல்."

நீ பார்க்காவிட்டால் இல்லாமல் போய்விடுமா என்று கேட்க வாயெடுத்தேன். அவளுடைய கண்ணைப் பார்த்ததும் கேட்கவில்லை. அவளும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

காலை ஒன்பதரைக்கு அப்பா இரண்டாம் வரிசையில் நின்றார். என்னைப் பார்த்ததும் கையை உயர்த்தி ஆட்டினார். நான் அறைக் கதவில் சாய்ந்து நின்றேன். அவருக்கு முன்னால் இன்னும் நாலு பேர்தான் இருந்தார்கள். அப்போது யாருடைய பையின் வாரோ உருளைக்குள் சிக்கி, இரண்டாம் வரிசை பெல்ட் கிறீச்சென்று நின்றது. "எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க" என்று கையுறை குரல் கொடுத்தார். அந்த வரிசை முழுக்க முதல் வரிசையில் வந்து கலந்தது. அக்கா திரையைவிட்டுக் கண்ணெடுக்க முடியாது. யார் வந்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. நான் சொல்லியிருக்க வேண்டும். பத்தடி தூரம்தான். அத்தனை பேருக்கு நடுவில் எனக்குக் கால் வரவில்லை.

அப்பாவின் பை உள்ளே போனது. பெல்ட் நின்றது.

அக்கா நிறுத்தியிருந்தாள். அவள் முதுகு விறைத்ததிலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது. பையின் சொந்தக்காரரை அவள் பார்க்கத் தேவையில்லை. அந்த ஏழு கருவிகளின் வரிசை அவள் கையால் அடுக்கியது. ஏழும் ஒரே திசையில் தலைவைத்திருக்க, அவற்றின் மேல் குறுக்காக எட்டாவது ஒன்று கிடந்ததாம். பிறகு சொன்னாள்.

"என்னம்மா, பெல்ட் நிக்குது?" சூப்பர்வைசர் பின்னால் வந்து குனிந்தார். "நல்லா அடுக்கி வெச்சிருக்காங்க. ஒண்ணும் இல்லையே."

அக்கா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"உனக்கு ஏதாவது தெரியுதா? இல்லன்னா விடு, கூட்டம் நிக்குது. தெரியுதுன்னா அழுத்து. ஆனா மூணாவது. ஞாபகம் வெச்சுக்க."

எழுந்து போயிருக்கலாம். சொந்தக்காரர் பை என்று சொன்னால் ரூலே அவளைக் காப்பாற்றியிருக்கும். இன்னொருவர் உட்கார்ந்திருப்பார், அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது, பை போயிருக்கும். நாற்காலியும் இருந்திருக்கும். அக்கா அழுத்தினாள்.

சோதனைப் படம் என்று எழுத்து வரவில்லை.

கையுறை பையைத் திறந்தார். துணிப்பட்டை, பவர்பேங்க், டார்ச், பனியன், சீப்பு. ஏழு கருவிகளையும் அளந்தார். காலிப் பையைத் தலைகீழாகத் தட்டினார். பைக்குள் கைவிட்டுத் தையலை எல்லாம் தடவினார்.

"ஒண்ணுமே இல்ல சார்."

சூப்பர்வைசர் ஒரு பெருமூச்சு விட்டார். "எந்திரிம்மா" என்று மட்டும் சொன்னார். அக்கா எழுந்தாள். வேறொரு பெண் வந்து அந்த நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள்.

அப்பாவுக்கு விஷயம் முழுதாகப் புரியவில்லை. "என்னடி, நேத்து அத்தனை அளந்தும் பத்தலையா?" என்றார் அக்காவிடம். அவள் அழாமல் நிற்பதைப் பார்த்ததும் அவர் சிரிப்பு அடங்கியது. கையுறை சாமான்களை மறுபடி பைக்குள் வைக்கத் தொடங்கினார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நிறுத்தியதால் ஒன்றும் ஆகவில்லை. புகைப்படக்காரரையும் நிறுத்தினார்கள், அந்தப் பெண்ணையும் நிறுத்தினார்கள். நிறுத்தி, திறந்து, கையிலேயே திருப்பிக் கொடுத்து அனுப்பினார்கள். என் பதிவேட்டில் அவர்களுக்கு வரி இல்லை.

எப்படி நடந்தேன் என்று தெரியாது. கையில் ஒரு காலி ட்ரேயோடு மேசைக்கு முன்னால் நின்றேன்.

"அப்பா, விட்டுட்டுப் போறேன்னு சொல்லுங்க."

"எதைம்மா?"

"சொல்லுங்கப்பா."

"இல்லாத பொருளை எப்படி விட்டுட்டுப் போறது?" என்றார் சூப்பர்வைசர். "என்னம்மா இது, அக்கா தங்கச்சி ரெண்டு பேருக்கும் ஒரே நாள்லயா?"

பின்னால் நின்றவர்களில் ஒருவர், "எங்களுக்கும் விமானம் இருக்குங்க" என்று கத்தினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் காது சுட்டது. ஆனால் நான் நகரவில்லை.

அப்பா என்னையே பார்த்தார். பிறகு சூப்பர்வைசர் பக்கம் திரும்பினார். "சார், என் சின்னப் பொண்ணு நாலு பேர் முன்னாடி வாயைத் திறந்து இப்பத்தான் பாக்குறேன். அதுக்காகவே சொல்லலாம்." ட்ரேக்கு மேலே குனிந்து, மாடியிலிருந்து கீழே இருப்பவனிடம் பேசுவதுபோலச் சத்தமாகச் சொன்னார். "விட்டுட்டுப் போறேன்!"

இரண்டு பேர் சிரித்தார்கள். கையுறை சீட்டை எடுத்து, "என்னன்னு எழுதறது?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். அவர் சிரிக்கவில்லை.

"ஸ்க்ரூடிரைவர். ஒண்ணு."

அப்பா கையெழுத்துப் போட்டார். பை மறுபடி இயந்திரத்துக்குள் போனது. அக்கா புதுப் பெண்ணின் தோளுக்குப் பின்னாலிருந்து திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துத் தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள். இல்லை.

நான் திரும்பி நடந்தேன். நாலாவது எட்டில் ட்ரேயின் இடது பக்கம் தாழ்ந்தது. நேராகப் பிடித்தேன். ஏதோ ஒன்று மெதுவாக உருண்டு வலது பக்கத்தில் போய் இடித்து நின்றது. குனிந்து பார்த்தேன். சாம்பல் நிற ட்ரே. வெறுமையாகத்தான் இருந்தது.

அறைக்குள் வந்து தராசில் வைத்தேன். அறுநூற்றறுபத்தெட்டு.

வேறொரு ட்ரே வைத்துப் பார்த்தேன். அறுநூற்றிருபது. மறுபடி அந்த ட்ரே. அறுநூற்றறுபத்தெட்டு. கைவிட்டுத் தடவ எனக்குத் தைரியம் வரவில்லை. பதிவேட்டை இழுத்து எழுதினேன். பொருள், ஸ்க்ரூடிரைவர். நீளம், ஒரு கோடு. எடை, நாற்பத்தெட்டு கிராம். விட்டுச் சென்றவர் என்ற பத்தியில் அப்பாவின் பெயர். அடுத்ததில் தினமும் போடுவதுபோலக் கையெழுத்துப் போட்டு, ட்ரேயை அலமாரியின் மேல்தட்டில், சுவரோடு ஒட்டி வைத்தேன்.

மதியம் அப்பா போன் செய்தார். இறங்கிவிட்டாராம். சாயங்காலமும் செய்தார். மூன்றாம் நாள் லிஃப்ட் ஓடத் தொடங்கியதும் திரும்பி வந்து, கதவைத் திறந்த அக்காவிடம், "அளந்து உள்ள விடுறியா, அப்படியே வரலாமா?" என்றார். அவள் அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவர் பயந்துபோனார்.

அக்கா இப்போது ட்ரே அடுக்குகிறாள். வெளியே வந்து குவியும் ட்ரேக்களைத் தள்ளிக்கொண்டு என் கதவைக் கடக்கும்போது ஒரு தடவை எட்டிப் பார்ப்பாள். "நாற்காலி எங்கயும் போகாதுடி. ஆறு மாசம் தானே" என்பாள். நாற்காலியைப் பார்க்காமல்தான் சொல்வாள்.

அப்பா கிளம்பிப் போன மறுநாள், சனிக்கிழமை, மூட்டைக்காரர் வந்தார். சாக்கைக் கட்டிவிட்டுப் பதிவேட்டில் விரல் வைத்துக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நின்றார்.

"பாப்பா, ஒரு ஸ்க்ரூடிரைவர் எழுதியிருக்கு. சாக்குல இல்லையே?"

"அது... இல்ல."

"இல்லன்னா போகட்டும் விடு. நாப்பத்தெட்டு கிராம் இரும்புல நான் என்ன மாளிகையா கட்டப் போறேன்? எல்லாத்தையும் சேத்து எடுத்துக்கிட்டேன்னே எழுதிடறேன். உனக்கும் தொந்தரவில்ல."

பேனா முனை காகிதத்தைத் தொட்டது. நான் பதிவேட்டைப் பிடித்து இழுத்தேன். ஓரம் கிழிந்தது.

"எழுதாதீங்க!"

அவர் இரண்டு கையையும் மேலே தூக்கினார். "அம்மாடி! ஊமைன்னு நினைச்சேனே, என்னா தொண்டை!" அந்த ஒரு வரியைத் தவிர மற்றவற்றை மட்டும் எடுத்துக்கொண்டதாக எழுதச் சொன்னேன். எழுதினார். சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு விசிலடித்தபடியே போனார். அவருக்கு நாலு குழந்தைகள். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர்களைப் பற்றித்தான் பேசுவார்.

அவர் போனதும் கிழிந்த ஓரத்தை ஒட்டவைக்கப் பசை எடுத்தேன். அப்போது அந்த வரியை முழுவதுமாக, இடமிருந்து வலமாக, ஒரு தடவை படித்தேன். கடைசிப் பத்தியில், பெற்றுக்கொண்டவர் என்பதற்குக் கீழே, என் கையெழுத்து. அதற்குமேல் பசை மூடியைத் திருகி மூட எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

இது நடந்து ஐந்து வாரம் ஆகிறது. தினமும் வந்தவுடன் முதல் வேலையாக அந்த ட்ரேயை எடை போடுவேன். அறுநூற்றறுபத்தெட்டு என்று பார்த்துவிட்டு மேலே வைப்பேன். அக்காவிடம் சொல்லவில்லை. அவள் பயந்துவிடுவாள்.

இன்று காலை அறுநூற்றிருபது காட்டியது.

தராசை அணைத்து மறுபடி போட்டேன். அறுநூற்றிருபது. ட்ரேயைச் சாய்த்துப் பார்த்தேன். எதுவும் உருளவில்லை. அறைச் சாவி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

இங்கே வேலை செய்பவர்களின் பைகளும் காலையில் அந்த எக்ஸ்ரே வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். என் சாப்பாட்டுப் பையும் இன்று அப்படித்தான் வந்தது. புதுப் பெண் திரையைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் விட்டாள். பார்த்துச் சொல்லக்கூடியவள் வெளியே ட்ரே அடுக்கிக்கொண்டிருக்கிறாள். இன்னும் நாலு மாதம் மூன்று வாரம்.

மணி பன்னிரண்டரை. நர்ஸம்மா வெந்நீருக்கு வரும் நேரம். சாப்பாட்டுப் பை மேசை ஓரத்தில், தராசுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. சாப்பாட்டை எடுத்துவிட்டு வெறும் பையைத் தூக்கி வைத்தால் தெரிந்துவிடும். காலையில் பஸ்ஸில் அதை மடியில் வைத்திருந்தபோது ஒரு பக்கம் தாழ்ந்திருந்ததா என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.